போணி ஆகாத ஆர்டர்

கிரெடிட் கார்டு விற்கப் போன் செய்யும் பெண்ணிடம் "வேண்டாம்" என்று ஒருமுறைகூடச் சொல்லாத மனிதர் இந்தியா முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் போணி பாய். ஒரே ஒரு நிபந்தனை, அது அன்றைக்கு அவருக்கு வரும் முதல் போனாக இருக்க வேண்டும். நாமெல்லாம் எரிச்சலோடு துண்டிக்கிற அழைப்பை இவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்று எடுப்பார். "சொல்லும்மா... அப்டியா... அட, ஸோக்கா கீதே!" என்று இருபது நிமிடம் கேட்பார். கடைசியில் எல்லா விவரத்தையும் கொடுத்து அட்டையை வாங்கியும் விடுவார். அவர் பர்ஸில் ஏழு அட்டைகள் இருந்தன. ஒன்றைக்கூட அவர் உறை பிரித்ததில்லை.

"இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு பாய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"டீச்சர், அந்தப் பொண்ணு காத்தால வந்து குந்திகினு மொத போன் போடுது. போணியே வாணாம்னு சொல்லிட்டா அதுக்கு அன்னிக்கி முழுக்க இன்னா வெளங்கும்? பாவம் இல்ல?"

எனக்குப் பெயர் டீச்சர். மதுராந்தகத்தில் ஒரு பள்ளியில் இரண்டு வருஷம் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்த பாவத்துக்கு அவர் வைத்த பெயர். அவருக்கும் சம்பளப் பட்டியலில் ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

இந்தப் போணி வியாதி அவருக்குப் பரம்பரையாக வந்தது. மாமல்லபுரத்தில் ஐந்து ரதம் போகிற வழியில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு தொப்பிக் கடை. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சிப்பி மாலை எல்லாம் விற்பார்கள். அந்த வரிசைக் கடைகளுக்கு இரண்டு சட்டம் உண்டாம். காலையில் வரும் முதல் ஆளிடம் பேரம் பேசக் கூடாது, எதற்கும் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. பக்கத்துக் கடைக்காரனுக்குப் போணி ஆகும்வரை அவன் வாடிக்கையை நாம் கைதட்டிக் கூப்பிடக் கூடாது. கடை அண்ணன் கைக்குப் போய்விட்டது. சட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டு தம்பி கம்ப்யூட்டர் படிக்கப் போனார். நாங்கள் சந்தித்தபோது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. சென்னையில் அவர் ஏறி இறங்காத கம்பெனி கிடையாது.

எங்கள் ஆபீஸ் செங்கல்பட்டில், ஜி.எஸ்.டி. ரோட்டில், ஒரு டயர் கடைக்கு மேல் மாடி. ஆட்கள் மொத்தம் நான்கு பேர். பெங்களூரிலிருந்து திரும்பி வந்து சொந்தத் தொழில் ஆரம்பித்த முதலாளி, பிரவீன் என்ற புரோகிராமர், பாய், நான். என் வேலை டாக்குமென்டேஷன். அதாவது இவர்கள் செய்கிற கருவியை எப்படி ஓட்டுவது என்று எழுதி வைக்கும் வேலை. கருவி என்ன என்று கேட்டால்தான் மானம் போகும்.

ஆன்லைனில் ஒரு விளையாட்டு. அதற்குள்ளே ஒரு சந்தை. இரும்பு, வெள்ளித் தகடு, கத்தி என்று கற்பனைச் சரக்குகளை ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்கிறார்கள். நீங்கள் பத்துக்கு விற்கிறேன் என்று ஆர்டர் போட்டால் அடுத்த நிமிடமே ஒருவன் ஒன்பதே முக்காலுக்குப் போடுவான். அவன் சரக்கு போகும், உங்கள் சரக்கு கிடக்கும். அதனால் இருபத்துநாலு மணி நேரமும் சந்தையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மனிதனால் முடியாது. அதற்காக ஒரு செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட். "என் விலைக்குக் கீழே யார் போட்டிருக்கிறார்கள்?" என்று அதனிடம் சும்மா பேச்சில் கேட்டால் போதும், பார்த்துச் சொல்லும், சொன்னால் விலையையும் மாற்றும்.

கருங்குழியில் எங்கள் வீட்டில் இதை விளக்கினேன். வயலில் குனிந்து நாற்று நட்டே என்னைப் படிக்க வைத்த அம்மா முழுசாகக் கேட்டுவிட்டு, "இல்லாத இரும்ப வெளாட்டுல விக்கிறதுக்கு ஒரு ஆபீஸூ, அதுக்கு எம்பொண்ணு பஸ் ஏறிப் போவுது" என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். அதற்கு மேல் என் உத்தியோகத்தைப் பற்றி அவள் கேட்டதே இல்லை.

பாய்க்கு மட்டும் ஒரு நிமிடத்தில் புரிந்தது. "இது நம்ம ரதம் ரோடு டீச்சர், வேற ஒண்ணும் இல்ல. தொப்பிக்குப் பதிலா வெள்ளித் தகடு" என்றார். கருவியின் மூளை முழுக்க அவர் எழுதியதுதான். சென்னைக் கம்பெனிகளில் யாரோ ஆரம்பித்ததைத் துடைத்துக்கொண்டே வாழ்ந்த மனிதர், ஆயுசில் முதல்முறையாகத் தானே ஒன்றைச் செய்தார்.

அதற்குப் பெயர் வைத்த கதையைக் கேளுங்கள். ஒரு திங்கட்கிழமை காலை கூட்டம். என்ன பெயர் வைக்கலாம் என்று முதலாளி கேட்டார். பிரவீன் கொட்டாவி விட்டுக்கொண்டே, "ஆமைன்னு வைங்க சார்" என்று கிண்டல் அடித்தான். பாய் மேஜையைத் தட்டினார். "மொத யோசனை. போணி. தட்டக் கூடாது." சந்தையில் மின்னல் மாதிரி விலை பார்க்க வேண்டிய கருவிக்குப் பெயர் ஆமை! முதலாளி கெஞ்சிப் பார்த்தார். மறுவாரம் கடற்கரை ஆமை படம் போட்ட விசிட்டிங் கார்டு அச்சாகி வந்துவிட்டது.

பிரவீன் கெட்டிக்காரன், இதில் லாபம் பார்த்தான். அவன் எழுதும் நிரலைப் பாய்தான் சரிபார்த்து ஒப்புதல் தரவேண்டும். இருப்பதிலேயே ஓட்டை உடைசலை எடுத்து வைத்திருந்து காலையில் முதல் ஆளாக நீட்டுவான். "போணி!" என்று சொல்லிவிட்டுப் பாய் ஒரு எழுத்துக்கூடப் படிக்காமல் ஒப்புதல் பொத்தானை அழுத்துவார். மத்தியானம் அது வெடிக்கும். சாயங்காலம்வரை தானே உட்கார்ந்து ஒட்டுப்போடுவார். மறுநாள் காலை, மறுபடியும் போணி!

ஏஜென்டுக்கும் போணி உண்டு. வந்தவுடன் அதனிடம் தடுமாறுகிற மாதிரி எதையும் கேட்கக் கூடாது. "இன்னிக்கி இன்னா கெழமை?" என்று கேட்பார். அது சரியாகச் சொல்லும். "பாஸ்! போணி ஆச்சு. இனிமே இன்னா வேணா கேளுங்க" என்று எங்களிடம் ஒப்படைப்பார். இதற்காக முதலாளி தினமும் கம்ப்யூட்டர் முன்னால் கைகட்டிக்கொண்டு காத்திருந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சரி, சாது என்று நினைத்துவிடாதீர்கள். போணி முடிந்த மறுவிநாடி அந்த மனிதர் பிசாசு. நான் எழுதிய டாக்குமென்டைப் பத்து மணிக்கு மேல் அவரிடம் கொடுத்தால் தொலைந்தேன். "ஆர்டரைத் தேர்ந்தெடுக்கவும்னு போட்டுகீறீங்க. எந்த ஆர்டரு? எவனோட ஆர்டரு? படிக்கிறவன் கேப்பானா மாட்டானா?" என்பார். திருத்திக் கொடுத்தால் அடுத்த வரிக்கு வருவார். ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் ஆகும். இயேசுவே, என்னை மறுபடியும் ஆறாம் வகுப்பு பி பிரிவுக்கே அனுப்பிவிடும் என்று மனதுக்குள் கதறியிருக்கிறேன்.

ஆனால் அவர் பிசாசானதற்குக் காரணம் இருந்தது. இந்த டாக்குமென்டை இரண்டு பேர் படிப்பார்கள். வாங்குகிற மனிதன் ஒருவன். அவன் படிக்கமாட்டான், அது உலக வழக்கம். இன்னொருவர் அந்த ஏஜென்ட். அது ஒரு வரி விடாமல் படித்து, படித்தபடியே நடந்து தொலைக்கும். ஆரம்பத்தில் நான், "சந்தேகம் இருந்தால் மீண்டும் ஒருமுறை சரிபார்க்கவும்" என்று நல்லபிள்ளையாக எழுதி வைத்தேன். அதற்கு எல்லாவற்றிலும் சந்தேகம். சரிபார்த்தது, மறுபடி சரிபார்த்தது, நூற்றுக்கணக்கான தடவை போய்ச் சந்தைக் கதவைத் தட்டியதில், விளையாட்டை நடத்துகிறவர்கள் எங்களை ஒரு நாள் உள்ளேயே விடவில்லை.

"பாத்தீங்களா டீச்சர்? நீங்க எழுதறது எழுத்து இல்ல. உத்தரவு" என்றார் பாய். அதை அப்போதே நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

மழைக்காலம் ஆரம்பித்தபோது முதலாளி எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். பூமிக்கு அந்தப் பக்கத்தில், ஏதோ ஒரு குளிர்தேசத்தில், இந்த விளையாட்டை ஆடுகிற பெரிய குழு ஒன்று ஆமையை வாங்க யோசிக்கிறது. ஒரே ஒரு சோதனை. அவர்கள் ஆள் ஒருவன் நம் டாக்குமென்டை மட்டும் வைத்துக்கொண்டு, நம்மிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் கருவியை ஓட்டிப் பார்ப்பான். ஓடினால் ஆபீஸ் இருக்கும். ஓடாவிட்டால் மாசக் கடைசியில் பூட்டு.

படி இறங்கும்போது பாய் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "பிரவீனுக்கு வயசு கீது. நீங்க படிச்ச பொண்ணு. எனக்குத்தான் டீச்சர், இத்த வுட்டா வேற எடம் இல்ல. எவன் எடுப்பான் என்னிய?" சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாடுபட்டோம். முழு டாக்குமென்டும் முடிந்தது. ஆமை நாங்கள் வைத்த ஒவ்வொரு சோதனையிலும் தேறியது. நாளைக்குக் காலை பத்தரைக்குக் குளிர்தேசத்தான் வருகிறான். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது பாய் ஏதோ பேச்சில் தொப்பிக் கடை கதையை மறுபடி எடுத்தார். சின்ன வயசில் ஒருநாள், பக்கத்துக் கடைக்குப் போணி ஆகும் முன்னால் இவர் ஒரு வெள்ளைக்காரனைக் கூப்பிட்டு ஒரு தொப்பி விற்றுவிட்டாராம். அவர் அத்தா, அப்பாதான், அடிக்கவில்லையாம். அந்தக் காசைக் கொண்டுபோய்ப் பக்கத்துக் கடையில் கொடுத்து அங்கே ஒரு தொப்பி வாங்கி, அதை இவர் தலையில் மாட்டிவிட்டாராம். "தொப்பிக் கடைக்காரன் புள்ள, பக்கத்து கடைத் தொப்பியப் போட்டுகினு நிக்கிறேன். அன்னிக்கி பூரா தல நிமுரல டீச்சர்."

சாப்பிட்ட கையோடு போய் டாக்குமென்டைத் திறந்தேன். இத்தனை மாசம் "ஆர்டரைத் தேர்ந்தெடுக்கவும்" என்றே எழுதி எழுதி மரத்துப்போன கை. டாக்குமென்டின் முன்பகுதியில் 'சந்தை எப்படி இயங்குகிறது' என்று உப்புச் சப்பில்லாத ஒரு பத்தி இருந்தது. அதன் கடைசியில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். எழுதியது ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால், "அன்றைய முதல் விற்பனை ஆகாத வியாபாரியை யாரும் தொந்தரவு செய்யலாகாது." அந்த டாக்குமென்டிலேயே உயிருள்ள வரி அதுதான் என்று எனக்குப் பெருமை வேறு.

அதைப் பாயிடம் கொடுத்தால் மூன்று நாள் நோண்டுவாரே! பிரவீன் வழியைப் பிடித்தேன். மறுநாள் காலை அவர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, ஒரே ஒரு மாற்றம்தான் பாய் என்று நீட்டினேன். "போணி!" என்று சொல்லிவிட்டு, படிக்காமல் ஒப்புதல் பொத்தானை அழுத்தினார். டாக்குமென்டில் ஒரு வரி கூடியதற்காக யாராவது கருவியை மறுபடி சோதித்துப் பார்ப்பார்களா? நாங்கள் பார்க்கவில்லை.

பத்தரைக்குக் குளிர்தேசத்தான் திரையில் வந்தான். தாடிக்காரன், நல்ல மனிதனாகத் தெரிந்தான். அவன் எங்களைக் கேட்கக் கூடாது, நாங்களும் வாய் திறக்கக் கூடாது. வெள்ளித் தகடு விற்க ஒரு ஆர்டர் போட்டான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் விலைக்குக் கீழே ஆறு பேர் புதிதாக ஆர்டர் போட்டார்கள். எங்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது.

ஆமையிடம் கேட்டான், எனக்குக் கீழே யாராவது இருக்கிறார்களா?

"கவலைப்பட வேண்டிய யாரும் இல்லை" என்றது ஆமை.

தாடிக்காரன் திரையை உற்றுப் பார்த்தான். ஆறு பேர் இருக்கிறார்களே என்று கேட்டான்.

"ஆம், ஆறு பேர். அவர்களுக்கு இன்று இன்னும் முதல் விற்பனை ஆகவில்லை. அவர்களைத் தொந்தரவு செய்யலாகாது."

பிரவீன் என்னைப் பார்த்தான். முதலாளி பாயைப் பார்த்தார். பாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு விளங்கிவிட்டது, அது என் வரி.

சரி, என் விலையைக் குறை என்றான் தாடிக்காரன்.

"அவர்களுக்கு முதல் விற்பனை ஆனதும் குறைக்கிறேன். இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்று பணிவாகச் சொன்னது அந்தப் பாழாய்ப்போன ஆமை. அவன் நான்கு விதமாகக் கேட்டான். நான்கு தடவையும் அதே பணிவு. கடைசியில் அவன் விழுந்து விழுந்து சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி சொன்னான், போனான். இரண்டு நாளில் கடிதம் வந்தது. தங்கள் கருவி எங்கள் மனதைத் தொட்டது என்று எழுதியிருந்தார்கள். மனதைத் தொட்டது என்று எழுதுகிறவர்கள் காண்ட்ராக்டைத் தொடமாட்டார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் கடிதத்தை அல்ல. தாடிக்காரன் போன அடுத்த நிமிடத்தை. முதலாளி டாக்குமென்டைத் திறந்து அந்த வரியைக் கண்டுபிடித்தார். முகம் வெளுத்திருந்தது.

"யாரு எழுதுனது இது?"

பக்கத்திலேயே ஒப்புதல் என்ற இடத்தில் பாயின் பெயர் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். உள்ளேயிருந்து காற்றுதான் வந்தது. பாய் அந்த வரியை அப்போதுதான் முதல்முறையாகப் படித்தார். ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான் சார். வேற யாரு இந்த மாரி எழுதுவா? எங்கூட்டுப் பழக்கம் அது. புத்தி கெட்டு உள்ள போட்டுட்டேன்."

"பாய், கொஞ்சமாவது யோசிச்சீங்களா?"

"மன்னிச்சிக்கோங்க சார்."

நான் அப்போதும் பேசவில்லை. பேசியிருக்கலாம். மூன்று விநாடி இருந்தது. அப்புறம் அது தாண்டிவிட்டது, அதற்கப்புறம் சொல்வது இன்னும் அசிங்கம் என்று தோன்றிவிட்டது. கோழைகளுக்கு எப்போதும் இப்படித்தான் தோன்றும் போலிருக்கிறது.

மாசக் கடைசியில் பூட்டினோம். மாடியில் இப்போது டயர் அடுக்கி வைத்திருக்கிறார்கள். முதலாளி நல்லவர்தான், பிரவீனுக்கும் எனக்கும் சென்னையில் நண்பரிடம் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்தார். பாய்க்குச் சொல்லவில்லை. "திறமை இருக்குங்க. ஆனா இவ்ளோ அஜாக்கிரதையான ஆளை எப்படிச் சிபாரிசு பண்றது, நீங்களே சொல்லுங்க?" என்று என்னிடம் கேட்டார். என்னிடம்! பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை. நான் தலையை ஆட்டினேன்.

சென்னை வேலையும் நிலைக்கவில்லை. நான்காவது மாசம், டாக்குமென்ட் எழுத இனி ஆள் தேவையில்லை, ஏஜென்டே எழுதிக்கொள்ளும் என்றார்கள். எதைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாம் என்று கேட்டேன். நான் எழுதியதைப் பார்த்துத்தானாம். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் தாம்பரத்தில் மதுராந்தகம் பஸ் ஏறினேன்.

விஷயம் எப்படியோ பாய் காதுக்குப் போயிருக்கிறது. அவர் இப்போது மாமல்லபுரத்தில் அண்ணன் கடையில் தொப்பி விற்கிறார். மறுநாள் காலை போனில் ஒரு செய்தி.

"போணி ஆச்சா டீச்சர்?"

அதாவது வேலை கிடைத்ததா என்று கேட்கிறார். இல்ல பாய் என்று அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"வுடுங்க. போணி ஆவாதவங்கள யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது. டாக்குமென்ட்லயே போட்டு கீது."

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அன்றிலிருந்து தினமும் வருகிறது. கடை திறந்தவுடன் அவர் அனுப்பும் முதல் செய்தி எனக்குத்தான். போணி ஆச்சா டீச்சர்? இல்ல பாய். வுடுங்க, டாக்குமென்ட்ல கீது. நானும் விண்ணப்பம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு இடத்தில் நேர்முகத் தேர்வே ஏஜென்ட்தான் நடத்தியது. அதனிடம் போய் முதல் கேள்வியாக இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்கலாமா என்று கை துறுதுறுத்தது. அது என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை.

வேலைதான் இல்லை, எழுதவாவது செய்வோம் என்று இந்தக் கதையை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். ஆசிரியர் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கடைசியில் கொஞ்சம் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டேன். எங்கள் பழைய முதலாளிக்குச் சொல்ல வேண்டியது, இதுதான்.

சார், உங்கள் அம்மா இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்குவார் என்று எனக்குத் தெரியும். அவரிடமிருந்து வாங்கிப் படியுங்கள். அந்த வரியை எழுதியது நான். பாய் அதைப் படிக்கக்கூட இல்லை. அவர் படிக்கமாட்டார் என்று தெரிந்தேதான் காலையில் கொடுத்தேன். அஜாக்கிரதையான ஆள் அவர் இல்லை. அவருக்கான சிபாரிசுக் கடிதத்தை இனிமேலாவது எழுதுங்கள்.

இன்று காலையும் வழக்கம்போலச் செய்தி வந்தது. போணி ஆச்சா டீச்சர்?

"ஆச்சு பாய்" என்று அனுப்பினேன்.

செய்தி அனுப்பாமல் போனே அடித்துவிட்டார். பின்னால் கடைத்தெரு சத்தம். "அல்லாவே! நெசமாவா? இன்னா வித்தீங்க?"

"உங்களைத்தான், ஒரு பத்திரிகைக்கு."

"கொறைச்சு கிறைச்சு வித்துடலியே?" என்றார்.

இல்லை பாய். ஒரு பைசாகூடக் குறைக்கவில்லை.